மூன்று பத்தி

ஜிஎஸ்டி கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில்
மௌஸ் அம்புக்குறி தானாக நகர்ந்தது.
நான் கையை எடுத்த பிறகும்
விரற்கடை தூரம் இடப்பக்கம் போய் நின்றது.

செக்காலை ரோட்டில் பதினான்கு கடைக்கு
வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவள் நான்.
அத்தனை பேர் கடவுச்சொல்லும் என்னிடம்.
நாச்சியப்பன் பாத்திரக் கடையின் கடவுச்சொல்லில் இருக்கும்
பெண்பெயர் யாருடையதென்று நான் கேட்டதில்லை.

அன்றிரவே உளவுத் தடுப்பான் மூன்று இறக்கினேன்.
பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி
மூன்று பத்தி கோடு போட்டேன். பழக்கதோஷம்.

முதலாவது பச்சைக் கேடயம்.
நாலே நிமிடத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு ஆபத்து என்று சிவப்பில் கத்தியது.
பிரித்துப் பார்த்தால் முந்நூறு குக்கீ,
மிச்சம் மகன் இறக்கிய கிரிக்கெட் ஆட்டத்தின் துண்டு துணுக்கு.
துடைத்துத் தர ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்,
இன்றிரவு பன்னிரண்டு வரை பாதி விலை.
எழுதினேன்: வேகம் நன்று. வாய் அதிகம்.

இரண்டாவது நீலக் கண்.
ஒன்றுமில்லை என்றது, ரொம்ப மரியாதையாக.
அதன் நிபந்தனைகளைக் கடைசிவரை படித்தேன்,
பாகப் பத்திரம் படித்துப் படித்து வந்த புத்தி.
பதினேழாம் பிரிவில் சொல்கிறது:
நீங்கள் பார்ப்பதையெல்லாம் எங்கள் பங்காளிகளோடு பகிர்வோம்.
பங்காளி.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லை
இத்தனை லேசாக யாரும் எழுதமாட்டார்கள்.

அதற்குள் கேடயம் கண்ணைத் திருடன் என்றது.
கண் கேடயத்தைப் போலி என்றது.
நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ் வேறு கீச்சிட்டது.

மூன்றாவதற்கு விலையுமில்லை, அழகுமில்லை.
சாம்பல் ஜன்னல், அதில் ஒரு பூச்சிப் படம்.
பத்து மணிக்குத் தொடங்கி
ராமேஸ்வரம் வண்டி ஊதிக்கொண்டு போகும்வரை
ஒவ்வொரு கோப்பாய் மோந்துகொண்டிருந்தது.
பிறகு சொன்னது: ஒன்று.

நாற்பது கேபி. பிரிண்டருக்கு உரியதுபோல ஒரு பெயர்.
தட்டுகிற விசையெல்லாம் எழுதி வைக்கும்.
வந்த நாள் கொப்புடையம்மன் தேர்,
மதியம் இரண்டு நாற்பது.
வீடே தேருக்குப் போயிருக்க நான் மட்டும் இருந்தேன்.
யாரைச் சந்தேகிக்க?
இலவச எழுத்துரு மாற்றி ஒன்றுக்காக
சம்மதம், சம்மதம், அடுத்து என்று அழுத்தியவள் நானேதான்.

பக்கத்திலேயே அது எழுதிய குறிப்பு. திறந்தேன்.
வரி எண், பான் எண், வங்கிக் கணக்கு,
இவற்றுக்கிடையே
ஈப்போவில் இருக்கும் தங்கைக்கு
நான் எழுதி எழுதி அழித்தவை.
உமையா, பின்விசை, பின்விசை, பின்விசை.
நீ போனில் கேட்டது, மறுபடி பின்விசை.
அழித்ததையும் விடாமல் எண்ணி வைத்திருக்கிறது,
நல்ல கணக்குப்பிள்ளை.
ஜூன் பதினொன்று, இரவு:
உன் அறைச் சாவி தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது
பின்விசை ஐம்பத்தொன்று.

மூன்று வருடமாக அவளுக்குத் தெரியாதது
எங்கோ ஒரு சர்வருக்குத் தெரிந்திருக்கிறது.
தமிழ் அறியாத எவனோ
இதில் காசில்லை என்று தாண்டிப் போயிருப்பான்.

பூச்சி கேட்டது:
நீக்கவா, தனிமைப்படுத்தவா, நம்பவா?

பேரேட்டில் மூன்றாம் பத்திக்கு அடியில்
அந்த வரியைப் பேனாவால் எழுதிக்கொண்டேன்.
அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.
அப்புறம்தான் நீக்கினேன்.

விடிந்ததும் வேறொரு போனிலிருந்து
பதினான்கு கடைக்கும் பேசினேன், கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி.
எல்லாரும் சரி என்றார்கள், இரண்டு பேர் திட்டினார்கள்.
நாச்சியப்பன் மட்டும்
மாத்தித்தான் ஆகணுமா என்று கேட்டுவிட்டு
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஈப்போவில் இப்போது பத்தரை இருக்கும்.
பதினைந்தாவது எண் திரையில் இருக்கிறது,
விரல் இன்னும் தொடவில்லை.
மூலையில் கேடயம் மினுக்குகிறது:
உங்களுக்காகச் சலுகை நீட்டிக்கப்பட்டுள்ளது,
இன்றிரவு பன்னிரண்டு வரை.